தண்ணி இறங்குன ஆத்துல ஸ்மால்மவுத்

ஆகஸ்ட் வந்துட்டா பென்சில்வேனியாவுல நிறைய பேர் தூண்டில் ராடை கராஜ்ல சாத்தி வெச்சிடுவாங்க. தண்ணி சூடு, மீன் சோம்பிக் கெடக்கும், ஆறு வத்திப் போச்சு, அக்டோபர்ல பாத்துக்கலாம்னு சொல்லுவாங்க. எனக்கு வருஷத்துலயே பிடிச்ச காலம் அதுதான். ஆகஸ்ட் நடுவுல தொடங்கி செப்டம்பர் கடைசி வரைக்கும், சஸ்குவஹானா ஆத்துல இறங்கி முட்டியளவு தண்ணியில நடந்து நடந்து ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிக்கிற அந்த சில வாரங்கள். ஏன்னா தண்ணி இறங்குனாத்தான் ஆறு தன்னை முழுசா காட்டும், அப்போ கண்ணால பாத்து மனசுல பதிச்சு வெச்சதை வெச்சுத்தான் மிச்ச வருஷம் பூரா மீன் எங்க நிக்கும்னு கண்டுபிடிக்க முடியும்.

நான் காவிரிக்கரை ஆளு, கொடுமுடிப் பக்கம். எங்களுக்கு ஆடின்னா ஆறு பெருகணும், மேட்டூர்ல தண்ணி திறந்து விட்டு பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு படித்துறையெல்லாம் முங்கி ஓடணும். இங்க அப்படியே தலைகீழ், ஆடி ஆவணியிலதான் ஆறு ரொம்ப கீழ இறங்குது. பனி உருகி வர்ற தண்ணி சித்திரையோட போயிடும், அதுக்கப்புறம் கோடையில மழை பேஞ்சாலும் மரமும் பயிரும் உறிஞ்சினது போக மிச்சம் இருக்கறதுதான் ஆத்துக்கு வந்து சேரும். பழகறதுக்கு எனக்கு கொஞ்ச காலம் பிடிச்சது, இப்போ ஆடி பொறந்தாலே கை அரிக்க ஆரம்பிச்சிடுது.

சஸ்குவஹானா சின்ன ஆறு இல்லைங்க. நியூயார்க் மாநிலத்துல ஆட்சீகோ ஏரியில கிளம்பி 444 மைல் ஓடி மேரிலாண்ட்ல செசபீக் விரிகுடாவுல போய் சேருது, அந்த விரிகுடாவுக்கு வர்ற நல்ல தண்ணியில சுமார் பாதியை இது ஒண்ணே கொண்டு போகுது. பென்சில்வேனியா தலைநகர் ஹாரிஸ்பர்க் கிட்ட ஒரு மைல் அகலத்துக்கு விரிஞ்சு கெடக்கும். ஆனா அந்த அகலத்துக்கு ஏத்த ஆழம் கெடையாது, கோடைக் கடைசியில நிறைய இடத்துல ஆத்து நடு வரைக்கும் நடந்தே போயிடலாம்.

ஹாரிஸ்பர்க்குக்கு மேல ஆறு பீட்டர்ஸ் மவுண்டன், செகண்ட் மவுண்டன், புளூ மவுண்டன்னு வரிசையா மலைங்களை அறுத்துக்கிட்டு இறங்கி வருது. அந்த மலைங்களோட பாறை அடுக்கெல்லாம் படுத்துக் கெடக்காம செங்குத்தா சாஞ்சு நிக்கறதால, அதே அடுக்கு ஆத்துக்கு அடியிலயும் இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு குறுக்கே வரிவரியா ஓடும். லெட்ஜ்னு சொல்லுவாங்க. ஏப்ரல்ல அதுமேல ஆளுயரம் தண்ணி போகும்போது ஒண்ணும் தெரியாது, மேல ஒரு நெளிவு தெரியும், அவ்வளவுதான். ஆகஸ்ட்ல பாத்தா பாறை முதுகு வெளிய வந்திருக்கும், எந்த இடத்துல அந்த வரி உடைஞ்சு தண்ணி பீச்சிக்கிட்டு போகுது, உடைப்புக்கு கீழ எவ்வளவு பள்ளம் பறிஞ்சிருக்கு, பள்ளத்துல ஒத்தையா ஒரு உருண்டைப் பாறை எங்க உக்காந்திருக்கு, எல்லாமே தெரியும். நான் ஒரு சின்ன நோட்டு வெச்சிருக்கேன், கரையில இருக்கற அடையாளத்தோட சேத்து படம் போட்டு வெச்சுக்குவேன். டாஃபின் பக்கத்துல ஆத்து நடுவுல பழைய ரயில் பாலத்து தூண் ஒண்ணு மேல சின்னதா ஒரு சுதந்திர தேவி சிலை நிக்கும், 1986-ல முதல்ல வெச்சாங்க, அது காத்துல போயி அப்புறம் 1992-ல வேற வெச்சாங்க. அதுக்கு கொஞ்சம் கீழ 1902-ல கட்டுன ராக்வில் பாலம், 48 வளைவு, கல்லுல கட்டுன ரயில் பாலத்துல உலகத்துலயே நீளமானது. இந்த ரெண்டும் எனக்கு ஆத்துல எல்லைக்கல் மாதிரி.

இனி மீனைப் பத்தி. ஸ்மால்மவுத் பாஸ் வெண்கல நிறத்துல இருக்கும், விலாவுல மேல இருந்து கீழ கருப்பு பட்டை பட்டையா ஓடும், கண்ணு சிவப்பு. வாய் சின்னதுன்னு பேர் இருந்தாலும் அப்படி ஒண்ணும் சின்னது இல்லை, இதோட சொந்தம் லார்ஜ்மவுத் பாஸுக்கு தாடை கண்ணைத் தாண்டிப் போகும், இதுக்கு கண்ணோட நின்னுடும், அதான் அடையாளம். லார்ஜ்மவுத் குளம் குட்டையில சேறும் பாசியும் இருக்கற இடத்துல சுகமா இருக்கும். ஸ்மால்மவுத்துக்கு பாறையும் ஓட்டமும் வேணும். ஓடுற தண்ணியில வளர்ந்த உடம்புங்கறதால ரெண்டு பவுண்டு மீன் கூட ராடை வளைச்சு, ரீலை அலற விட்டு, ரெண்டு தடவை தண்ணிக்கு மேல எகிறி தலையை உதறிட்டுத்தான் கைக்கு வரும்.

இது இந்த ஆத்து மீனே இல்லைங்கறது நிறைய பேருக்குத் தெரியாது. அப்பலாச்சியன் மலைக்கு மேக்க ஒஹாயோ, மிசிசிப்பி, பெரிய ஏரிகள் பக்கத்து மீன் இது. அட்லாண்டிக் பக்கம் ஓடுற ஆறுங்கள்ல முன்னாடி கெடையவே கெடையாது. 1854-ல வில்லியம் ஷ்ரைவர்ங்கறவர் ஒஹாயோ ஆத்துக்கரை வீலிங் ஊர் பக்கத்துல பிடிச்ச மீனை ரயில் இஞ்சினோட தண்ணித் தொட்டியில போட்டு மலை தாண்டிக் கொண்டு வந்து மேரிலாண்ட் கம்பர்லேண்ட்ல கால்வாயில விட்டார். வீலிங் வரைக்கும் அந்த ரயில் பாதை போட்டு ஒரு வருஷம் சொச்சம்தான் ஆகியிருந்தது. கால்வாயில இருந்து பொடோமாக் ஆத்துக்குப் போய் அங்க பெருகிடுச்சு, அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள இந்தப் பக்கத்து ஆறு எல்லாத்துலயும், சஸ்குவஹானாவுலயும், ஸ்மால்மவுத் வந்தாச்சு. இப்போ கீழ அணைங்களைத் தாண்டி மெல்ல மெல்ல இன்னொரு மீன் மேல வந்துட்டு இருக்கு, ஸ்னேக்ஹெட், நம்ம விரால் குடும்பம், ஆசியாவுல இருந்து வந்தது. அதைப் பிடிச்சா திரும்ப விடாதீங்க, கொன்னுடுங்கன்னு மாநிலத்து ஆளுங்க சொல்றாங்க. ரெண்டுமே வந்தேறி மீன்தான், ஒண்ணு வந்து 150 வருஷத்துக்கு மேல ஆச்சு, அதை நம்பி ஒரு பெரிய கூட்டமே இருக்கு. இதை யோசிச்சுக்கிட்டே எத்தனையோ சாயங்காலம் கரையில உக்காந்திருக்கேன், விரால் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அந்த உத்தரவைப் படிக்கறப்போ மனசு ஒரு மாதிரி ஆகத்தான் செய்யுது, ஆனாலும் ஆத்துக்கு அது சரிதான்னு படுது.

சரி, சூட்டுல மீன் எங்க நிக்கும்? எல்லாமே ஆக்சிஜன்தான். தண்ணி 20 டிகிரி செல்சியஸ்ல இருந்தா லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரைக்கும் கரைஞ்சு இருக்கும், 30 டிகிரி ஆயிட்டா ஏழரைதான். அதே சமயம் சூட்டுல மீனோட உடம்பு வேகமா ஓடறதால அதுக்கு ஆக்சிஜன் கூடுதலா வேணும். கையில கொடுக்கறது குறையுது, தேவை ஏறுது. அதுவும் ராத்திரி பூரா பாசியும் செடியும் ஆக்சிஜனை இழுத்துக்கிட்டே இருக்கறதால, தேங்குன தண்ணியில விடியறதுக்கு முன்னாடிதான் ரொம்ப கம்மியா இருக்கும். அதனால ஆகஸ்ட் காலையில ஆழமான அமைதியான மடுவைத் தேடிப் போகாதீங்க. கல்லுல மோதி நுரைச்சு ஓடுதே, அந்த சலசலப்புக்குத்தான் போகணும். முட்டிக்குக் கீழ தண்ணி இருக்கும், இதுல என்னடா மீன் நிக்கப் போகுதுன்னு தோணும், அங்கதான் நிக்கும். ஆனா ஓட்டத்துக்குள்ள நேரா நிக்காது, அதுக்கு அத்தனை சக்தி செலவு பண்ண முடியாது. பாறைக்குப் பின்னாடி தண்ணி சுழிச்சு மெதுவாகும் பாருங்க, வேகமும் மெதுவும் உரசற அந்தக் கோட்டுல மூக்கை வெச்சுக்கிட்டு ஓட்டத்துல என்ன அடிச்சிட்டு வருதுன்னு பாத்துட்டு நிக்கும்.

இன்னொரு இடம் வாட்டர் வில்லோ புதர். ஆத்து நடு மேட்டுலயும் தீவு ஓரத்துலயும் தண்ணிக்குள்ளயே கூட்டமா வளர்ற செடி, இடுப்புயரம் வரும். வெயில் ஏறினதும் அதோட வேர் ஓரத்து நிழல்ல பாஸ் பதுங்கிக்கும். ஒரு நாள் அந்தப் பூவை கிட்ட வெச்சுப் பாத்தேன், வெள்ளைப் பூ, ரெண்டு உதடு மாதிரி பிரிஞ்சு கீழ் உதட்டுல ஊதாக் கீத்து, எங்கயோ பாத்த பூவா இருக்கேன்னு வீட்டுக்கு வந்து தேடுனா நம்ம ஆடாதோடைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ரெண்டும் ஜஸ்டீசியா இனம். எங்க ஊர்ல வேலி ஓரம் நிக்கற செடியோட உறவு ஒண்ணு இங்க ஆத்துக்குள்ள நிக்குதுன்னு தெரிஞ்சதுல இருந்து அதை மிதிக்காம சுத்திப் போறேன்.

பாஸ் இந்தக் காலத்துல அதிகமா திங்கறது கிரேஃபிஷ், இறாலுக்கு நண்டுக் கொடுக்கு வெச்ச மாதிரி இருக்கும், கல்லுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். எத்தனையோ மீனைத் தூக்கி முள்ளை எடுக்க வாயைத் திறந்தா தொண்டைக்குள்ள இருந்து கிரேஃபிஷ் மீசை ரெண்டு வெளிய நீட்டிட்டு இருக்கும், அதை முழுங்கி முடிக்கறதுக்குள்ளயே அடுத்ததுக்கு வாயைத் திறந்திருக்கு. அதனால நான் அதிகம் போடுறது டியூப். உள்ள கூடா இருக்கற விரல் நீள ரப்பர் குழாய், ஒரு முனை நூல்நூலா கிழிஞ்சிருக்கும், உள்ள அரைக்கால் அவுன்ஸ் ஈயத் தலையோட முள்ளு. கலர் பாசிப்பச்சை. ஓட்டத்துக்கு மேல் பக்கமா சாய்வா வீசி, தங்கூசி நூல் விரைப்பாவும் இல்லாம தொளதொளன்னும் இல்லாம வெச்சுக்கிட்டு, தண்ணியே அதை உருட்டிட்டு வரட்டும்னு விட்டுடணும். கல்லுல தட்டுறது டொக் டொக்குன்னு விரலுக்குத் தெரியும், அதைக் கவனிக்கறதுதான் வேலையே. மீன் எடுக்கறப்போ பலமா எல்லாம் இழுக்காது, அந்த டொக் டொக் திடீர்னு நின்னு ஒரு கனம் வந்து ஏறும், அல்லது தங்கூசி ஓட்டத்தை விட்டு பக்கவாட்டுல ஒரு ஜாண் நகரும். அப்போ ராடைத் தூக்கணும். இது கைக்கு வர்ற வரைக்கும் கல்லுன்னு நினைச்சுக்கிட்டே இருப்போம், கைக்கு வந்துட்டா மறக்காது.

விடிகாலையில தண்ணி மேல கொப்பளிச்சுக்கிட்டு வர்ற டாப்வாட்டர் லூர்ங்கற பொய் இரை போடறது தனி சந்தோஷம், வெயில் மரத்துக்கு மேல வர்ற வரைக்கும்தான் அது. ஃபிளைன்னு இறகும் முடியும் கட்டுன முள்ளை வீசி மீன் பிடிக்கறவங்களுக்கு இந்த ஆறு கோயில் மாதிரி, ஏன்னா உலகம் பூரா கடல்லயும் ஆத்துலயும் போடற கிளவுசர் மின்னோ இங்க பொறந்தது. ஹாரிஸ்பர்க்குக்குக் கீழ மிடில்டவுன்ல ஃபிளை கடை வெச்சிருந்த பாப் கிளவுசர், 1980-கள்ல இந்த ஸ்மால்மவுத்துக்காகவே முள்ளுல ஈயக் கண்ணு ரெண்டைக் கட்டி, சின்ன மீன் தலைகுப்புற இறங்கி ஏறுற மாதிரி பண்ணார். அதுக்குப் பேர் வெச்சது ஃபிளை வீசறதுல பேர் போன லெஃப்டி கிரே. 1979-ல அணு உலை விபத்து நடந்த த்ரீ மைல் ஐலண்டும் அந்தப் பக்கத்துலதான், அங்க மீன் பிடிக்கறப்போ அந்தப் பெரிய கூலிங் டவருங்க எப்பவும் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்.

ஆகஸ்ட்ல எதை விட்டாலும் வெள்ளை ஃபிளைங்கற பூச்சி வர்ற சாயங்காலத்தை விடக்கூடாது. எஃபோரான்னு சொல்ற ஒரு மேஃபிளை, ஆத்து அடிமண்ணுல வளை தோண்டி இருந்துட்டு பொழுது இறங்குற நேரத்துல மொத்தமா எழும்பும். மழை விட்டதும் புத்துல இருந்து ஈசல் கிளம்புமே அப்படி, ஆனா ஒரு மைல் அகல ஆறு முழுக்க. முதல்ல ஒண்ணு ரெண்டு கன்னத்துல உரசும், பத்து நிமிஷத்துல எதிர்க்கரை தெரியாது. ஒண்ணு என் சட்டைக் கையில வந்து உக்காந்தது, ஆண் பூச்சி, முதுகு பிளந்து மெல்லிசான ஒரு தோலை உரிச்சுக்கிட்டு இருந்தது, பாதி உரிச்சதும் பொறுமை இல்லாம மீதித் தோலை வால்ல இழுத்துக்கிட்டே பறந்து போயிடுச்சு. பெண் பூச்சிக்கு அந்தக் கடைசித் தோலை உரிக்கக் கூட நேரம் கெடையாது, அப்படியே கூடி, முட்டையைத் தண்ணியில விட்டுட்டு அன்னிக்கு ராத்திரியே செத்துடும். கீழ பாஸ் எல்லாம் மெதுவா மேல வந்து வாயைத் திறந்து மூடும், அவசரமே படாது, தண்ணி மேல வட்டம் வட்டமா விரியும். அன்னிக்கு பெரிய லூரைக் கண்டுக்கவே கண்டுக்காது, வெள்ளையா சின்னதா எதையாவது அந்த வட்டத்துக்கு ஒரு அடி மேல விழ வெச்சாத்தான் உண்டு. மேஃபிளைங்க விளக்கு வெளிச்சத்துக்குக் குவியறதும் சாதாரணமில்லை, 2015 ஜூன்ல கீழ கொலம்பியா ரைட்ஸ்வில் பாலத்துல குவிஞ்ச பூச்சியில பைக்கெல்லாம் வழுக்கி விழுந்து பாலத்தையே மூட வேண்டியதாயிடுச்சு.

எங்க மாமாகிட்ட போன்ல இதையெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். அவரு கொடுமுடியில காவிரிக்கரையில தூண்டில் போட்டே வளர்ந்தவரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏன் மாப்ள, புடிச்ச மீன மறுக்கா தண்ணியிலயே உட்டுப்போட்டு வர்றதுக்கா அத்தன தூரம் போற?"ன்னாரு. "ஆமாங்க மாமா, இங்க வெச்சுக்கக் கூடாதுங்க, சட்டமே இருக்குதுங்க"ன்னேன். "மீனுக்கு சீக்காக்கும்?"னு கேட்டாரு. படக்குனு சரியா பிடிச்சுட்டாரு.

சீக்குதான். 2005 கோடையில இந்த ஆத்துல அந்த வருஷத்துக் குஞ்சு பாஸ் எல்லாம் உடம்புல வெள்ளைப் புண்ணோட செத்து மிதந்தது. தண்ணி கம்மியா, சூடா, ஆக்சிஜன் குறைவா இருந்த கரையோரத்துலதான் குஞ்சுங்க இருக்கும், அங்கதான் அடி. அடுத்தடுத்த வருஷமும் அதேதான், குஞ்சு தங்காததால பெரிய மீனும் குறைஞ்சுக்கிட்டே போச்சு. இன்னொரு பக்கம் ஆண் மீனோட விரைக்குள்ள முட்டை செல் இருக்கறதை பொடோமாக்லயும் இங்கயும் ஆராய்ச்சியாளருங்க கண்டுபிடிச்சாங்க. 2014-ல டங்கன்னன் பக்கத்துல ஒருத்தர் பிடிச்ச பாஸுக்கு தாடையில கட்டி, அது புற்றுநோய்தான்னு 2015-ல உறுதியாச்சு. அதே வருஷக் கடைசியில மாநிலம் ஒரு பெரிய ஆய்வோட முடிவை வெளியிட்டுச்சு, ஒரே குற்றவாளின்னு யாரையும் கை காட்ட முடியலை, ஹார்மோனைக் குழப்புற ரசாயனம், களைக்கொல்லி, கிருமி, ஒட்டுண்ணி, இதெல்லாம் சேர்ந்த வேலையா இருக்கும்னு சொன்னாங்க. சன்பரியில இருந்து ஹோல்ட்வுட் அணை வரைக்கும் பாஸைப் பிடிச்ச உடனே விட்டுடணும்னு 2010-களோட தொடக்கத்துல கொண்டு வந்த விதி அதனாலதான். சமீப வருஷங்கள்ல குஞ்சுங்க மறுபடி தங்குது, ஆறு கொஞ்சம் தேறியிருக்கு, கையில வர்ற மீன்லயும் அது தெரியுது. ஆனா மேல இருக்கற பண்ணை நிலமும் ஊரும் ஆத்துக்கு அனுப்பறதை நிறுத்தாத வரைக்கும் எனக்கு முழு நிம்மதி கெடையாது.

இந்த ஆத்துல 18 இஞ்ச் ஸ்மால்மவுத் ஒண்ணு பிடிச்சீங்கன்னா அது எட்டு பத்து வயசு மீனா இருக்கும், நோய், வெள்ளம், பனி எல்லாத்தையும் தாண்டி வந்தது. அதைப் போட்டோக்காக கரையில போட்டு உருட்டறவங்களைப் பாத்தா எனக்கு உண்மையிலயே கோவம் வருது. முள்ளு நுனியில பின்பக்கமா நீட்டிட்டு இருக்கற சின்னக் கொக்கியை இடுக்கியால நசுக்கி வெச்சுக்கங்க, கையை நனைச்சுட்டுத் தொடுங்க, மீனைத் தண்ணிக்குள்ள வெச்சே முள்ளை எடுங்க, ஓட்டத்துக்கு எதிரா முகத்தைப் பிடிச்சா அதுவே எட்டி உதைச்சுட்டுப் போயிடும். ஒரு தெர்மாமீட்டர் சின்னதா கயித்துல கட்டி வெச்சிருக்கேன், தண்ணி 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிட்டா அன்னிக்கு தூண்டில் போடறதில்லை, நோட்டை எடுத்துட்டு லெட்ஜ் பாக்கப் போயிடுவேன்.

இறங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. பாறை மேல பாசி வழுக்கும், ஆணி வெச்ச பூட்ஸும் ஒரு குச்சியும் இல்லாம இறங்காதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஹாரிஸ்பர்க்ல தண்ணி மட்டத்தைக் காட்டற கேஜ் எத்தனை அடின்னு போன்ல பாருங்க, மேல எங்கயோ இடி மழை பேஞ்சா இங்க வெயில் அடிக்கும்போதே தண்ணி ஏறும், கலங்கி வந்தா உடனே கரை ஏறிடுங்க. ஹாரிஸ்பர்க்ல டாக் ஸ்ட்ரீட் அணைன்னு ஒண்ணு இருக்கு, பாக்கறதுக்கு சின்னப் படி மாதிரி இருக்கும், அதுக்குக் கீழ சுழல்ல மாட்டுனா ஆளை மேல விடாது, நிறைய உயிரை வாங்கியிருக்கு. கயாக்ல போறவங்க அது பக்கமே போகாதீங்க.

செப்டம்பர் கடைசியில ராத்திரி குளிர ஆரம்பிச்சதும் மீன் சலசலப்பை விட்டு இறங்கிடும். பகல்லயும் திங்கும், கிரேஃபிஷ் குறையக் குறைய சின்ன மீனைத் துரத்தும், அப்போ டியூபை விட்டுட்டு வேகமா இழுக்கற லூர் போடணும். தண்ணி 50 டிகிரி ஃபாரன்ஹீட் கிட்ட வந்துட்டா குளிர்காலத்து மடுவுக்கு மொத்தமா போய் சேர்ந்துடும், அந்த மடு எங்க இருக்குன்னு ஆகஸ்ட்லயே படம் போட்டு வெச்சவங்களுக்குத்தான் தெரியும். அதுக்கு வேற ராடு, இடுப்புக்கு மேல வர்ற வேடர்ங்கற தண்ணி புகாத உடுப்பு, கை விறைக்காம இருக்க கையுறை எல்லாம் வேணும், அதை நவம்பர்ல தனியா எழுதறேன்.